பழைய கேமராவுக்குப் புதிய ரெக்கார்டர்: வாசகர் கேள்வி பதில்

வீட்டு டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) ஏழு ஆண்டுகளாக ஓடுகிறது. இப்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. நடுவில் 'பீப் பீப்' என்று கத்துகிறது. பெட்டி போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வாங்கிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வீட்டு டிவிஆரில் பெரும்பாலும் முதலில் போவது போர்டு அல்ல. அடாப்டர்தான். அடுத்தது ஹார்டு டிஸ்க். நீங்கள் சொல்லும் அறிகுறி இந்த இரண்டுக்குமே பொருந்துகிறது.

சிறிய டிவிஆர்களின் அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில் அது மட்டுமே 1.5 முதல் 2 ஆம்பியர் வரை இழுக்கும். பல ஆண்டுகள் ஓயாமல் சூடாகிக் கிடந்த அடாப்டரின் உள்ளே கெபாசிட்டர் காய்ந்திருக்கும். தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் சரியாக 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். டிவிஆரில் செருகி டிஸ்க் சுழலத் தொடங்கியதும் வோல்டேஜ் விழும், டிவிஆர் ரீஸ்டார்ட் ஆகும், டிஸ்க் மறுபடி முதலிலிருந்து சுழலும், மறுபடி விழும். ஆகவே அளப்பதானால் லோடில், அதாவது டிவிஆரும் டிஸ்கும் ஓடும்போதே வைத்து அளக்க வேண்டும். அதைவிட எளிது, வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது. வோல்டேஜ் அதே 12 ஆக இருக்க வேண்டும், ஆம்பியர் அதிகமாக இருந்தால் தவறில்லை, பின்னின் அளவும் ப்ளஸ் மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராக்களுக்கான ரெக்கார்டர்தான் என்விஆர். அதில் பிஓஇ போர்ட் (நெட்வொர்க் வயரிலேயே கேமராவுக்கு மின்சாரமும் தரும் போர்ட்) இருந்தால் அடாப்டர் பெரும்பாலும் 48 வோல்ட். அதன் பின் 12 வோல்ட் டிவிஆரில் நுழைந்துவிட்டால் அப்புறம் நிஜமாகவே புதிய பெட்டிதான்.

அடாப்டர் சரி என்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்து, ஹார்டு டிஸ்கில் இருக்கும் இரண்டு கேபிள்களையும் உருவிவிட்டு ஆன் செய்யுங்கள். டிஸ்க் இல்லை என்று பீப் அடிக்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ரீஸ்டார்ட் நின்று, கேமராப் படம் ஒரு மணி நேரம் அசையாமல் வந்தால் குற்றவாளி டிஸ்க். அதை மட்டும் மாற்றினால் போதும். டிஸ்கே இல்லாமலும், நல்ல அடாப்டரிலும், லோகோவோடு நின்றுவிடுகிறது என்றால்தான் போர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இதோடு இன்னொன்று. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது என்பதற்காகவும் பெட்டியை மாற்றுகிறார்கள். அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்ததன் விளைவு.

என்னிடம் நான்கு கேமரா, வயரின் முனையில் திருகிப் பூட்டும் வட்ட கனெக்டர். இரண்டு பழையவை, இரண்டு பின்னால் வாங்கிய 5 மெகாபிக்சல். டிவிஆர் இடி மின்னலில் போய்விட்டது. கடையில் எந்த 4 சேனல் டிவிஆரும் பொருந்தும் என்கிறார்கள்.

கனெக்டர் பொருந்தும். படம் வருமா என்பது வேறு விஷயம். அந்த வட்ட பிஎன்சி கனெக்டருக்குள் ஐந்து வகையான சிக்னல் வரலாம். பழைய சாதாரண அனலாக் சிக்னல் ஒன்று, அதை சிவிபிஎஸ் என்பார்கள். பின்னால் வந்த ஹெச்டி வகைகள் மூன்று: டிவிஐ, சிவிஐ, ஏஹெச்டி. அப்புறம் எஸ்டிஐ, அது வீட்டில் அபூர்வம். இவற்றில் ஒன்றை மட்டுமே புரிந்துகொள்ளும் டிவிஆரில் இன்னொன்றைச் செருகினால் 'நோ வீடியோ' என்று கறுப்பாகத்தான் நிற்கும். கேமராவும் கெட்டிருக்காது, டிவிஆரும் கெட்டிருக்காது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஏணியில் ஏறுங்கள். ஒவ்வொரு கேமராவின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். மாடல் எண், சிக்னல் வகை, மெகாபிக்சல் மூன்றும் வேண்டும். ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருந்தால் பழைய டிவிஆரின் அடியில் இருக்கும் மாடல் எண்ணாவது ஒரு துப்பு தரும்.

உங்களைப் போலக் கலப்படமாக வைத்திருப்பவர்களுக்கு நான்கு வகை அனலாக் சிக்னலையும் ஐபி கேமராவையும் ஏற்கும் டிவிஆர்தான் சரி. எக்ஸ்விஆர் என்ற பெயரிலோ '5 இன் 1' என்ற பெயரிலோ விற்பார்கள். பெயரை நம்பிவிடாமல் விவரத் தாளில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு சிக்னல் வகைக்கும் அதிகபட்ச மெகாபிக்சல். 'டிவிஐ 5 மெகாபிக்சல், ஏஹெச்டி 2 மெகாபிக்சல்' என்று வகைக்கு ஒன்றாக இருப்பது சகஜம். உங்கள் 5 மெகாபிக்சல் கேமரா ஏஹெச்டியில் இருந்தால் அந்த டிவிஆரில் வராது.

இரண்டாவது, ரெக்கார்டிங் ரெசல்யூஷன். இங்கேதான் விற்பனைத் தந்திரம் ஒளிந்திருக்கிறது. '1080என்' அல்லது '1080பி லைட்' என்றால் 960×1080 என்று பொருள். முழு 1080பி என்பது 1920×1080. அதாவது அகலத்தில் பாதியைத் தூக்கிப்போட்டுப் பதிந்துவிட்டு, பார்க்கும்போது இழுத்துக் காட்டுகிறது. நேரடியாகப் பார்க்கையில் பளிச்சென்றுதான் இருக்கும். சம்பவம் நடந்த பிறகு பதிவை எடுத்து வண்டி நம்பரைப் பெரிதாக்கும்போதுதான் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கூடவே எத்தனை ஃப்ரேம் என்றும் பாருங்கள். 5 மெகாபிக்சலில் விநாடிக்கு 12 ஃப்ரேமுக்கு இறங்கிவிடும் டிவிஆர்கள் நிறைய. வீட்டுக்கு 12 போதும். ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

ஒரு கேமரா மட்டும் மசியவில்லை என்றால், பல ஹெச்டி கேமராக்களின் வயரில் சின்னப் பொத்தானோ குச்சியோ இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஒரு பக்கம் ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் சிக்னல் வகை மாறும். எந்தப் பக்கம் எந்த வகை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஒருவர் டிவிஆர் திரையைப் பார்த்துக்கொண்டு போனில் சொல்ல, இன்னொருவர் மேலே அழுத்திப் பார்ப்பது நல்லது. மாறியபின் படம் வர சில விநாடி ஆகும், அதற்குள் அடுத்த பக்கம் அழுத்திவிட வேண்டாம்.

கேமராவுக்குத் தனி பவர் வயரே இல்லாமல் ஒரே கோஆக்ஸ் வயரில் (அந்த பிஎன்சி வீடியோ வயரில்) ஓடுகிறதா? அது பிஓசி வகை. டிவிஆரும் பிஓசி ஆக இருந்தால்தான் கேமராவுக்கு உயிர் வரும். சாதாரண டிவிஆர் வாங்கிவந்து நான்கு கேமராவும் ஒரே நேரத்தில் செத்ததாக நினைத்தவர்கள் உண்டு.

இடி மின்னலில் போனது என்கிறீர்கள். அப்படியானால் புதியதில் எல்லாவற்றையும் மொத்தமாகச் செருகும் முன் கேமராக்களை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஓடுகிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேமராவை முதலில் முதல் போர்ட்டில் போடுங்கள். வயர் வழியாக வந்த அதிர்ச்சி சேனல் போர்ட்டைக் கொன்றதோடு மறுமுனையில் கேமராவையும் கொன்றிருக்கலாம்.

கேமராவில் மைக் இருக்கிறது. பழைய டிவிஆரில் சத்தமும் பதிவானது. புதியதிலும் வருமா?

சத்தம் எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். வீடியோ வயரிலேயே சேர்ந்து வந்தது என்றால் டிவிஆரின் விவரத் தாளில் 'கோஆக்ஸ் ஆடியோ' இருக்க வேண்டும். தனி வயராக வந்து டிவிஆரின் பின்னால் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டில் செருகியிருந்தது என்றால் சாக்கெட்டை எண்ணுங்கள். 4 சேனல் டிவிஆர் என்றாலும் ஆர்சிஏ ஆடியோ உள்ளீடு ஒன்றே ஒன்றுதான் என்பது சர்வசாதாரணம்.

எல்லாம் ஐபி கேமரா, ஆறு இருக்கின்றன. என்விஆர் போய்விட்டது. அதே கம்பெனி மாடல் இப்போது வருவதில்லை. வேறு கம்பெனி என்விஆர் போட்டால் வேலை செய்யுமா?

படம் வரும். எல்லாமும் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வெவ்வேறு கம்பெனிச் சாதனங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக 2008-இல் உருவான பொது விதிமுறைதான் ஓன்விஃப். அதில் ப்ரொஃபைல் எஸ் என்பது அடிப்படை வீடியோவுக்கு, ப்ரொஃபைல் டி (T) என்பது ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கிப் பதியும் புதிய முறை, பழையது ஹெச்.264) உள்ளிட்ட புதியவற்றுக்கு. கேமராவிலும் என்விஆரிலும் ஒரே ப்ரொஃபைல் இருந்தால் வீடியோ ஓடும். ஆனால் ஆள் நடமாட்டம், வண்டி, கோடு தாண்டுதல் போன்ற எச்சரிக்கைகள் ஒரே கம்பெனிக்குள்தான் முழுதாகக் கைமாறும். வேறு கம்பெனியில் சாதாரண மோஷன் (அசைவு) எச்சரிக்கை மட்டும் வரும், சில சமயம் அதுவும் வராது. ஆகவே அதே கம்பெனியின் இப்போதைய மாடல் கிடைத்தால், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், அதுவே நல்லது. பழைய மாடல் எண்ணையே தேடி அலைய வேண்டாம்.

வேறு கம்பெனிதான் என்றால் கேமராவின் வெப் பக்கத்துக்குள் (ப்ரவுசரில் கேமராவின் ஐபி முகவரியைக் கொடுத்தால் வருவது) நுழைந்து மூன்று வேலை செய்யுங்கள். ஓன்விஃப் அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். பல கேமராக்களில் ஓன்விஃபுக்குத் தனிப் பயனர் பெயர் உருவாக்க வேண்டும், கேமராவின் அட்மின் பாஸ்வேர்டு அங்கே செல்லாது. கேமராவின் கடிகாரம் சரியா என்று பாருங்கள், நேரம் அதிகம் விலகியிருந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் ஓன்விஃப் 'தவறு' என்று திருப்பி அனுப்பும். ஹெச்.265+ போன்ற கூட்டல் குறி போட்ட கம்ப்ரஷன் அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. அதை அணைத்து வெறும் ஹெச்.265 அல்லது ஹெச்.264 ஆக வையுங்கள், இல்லாவிட்டால் பதிவு விட்டுவிட்டு வரலாம்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கேமராக்கள் பழைய என்விஆரின் பின்னால் பிஓஇ போர்ட்டில் நேரடியாகச் செருகப்பட்டிருந்தால், முதல் நாளில் அந்த என்விஆர் தன் அட்மின் பாஸ்வேர்டையே கேமராக்களுக்கும் வைத்திருக்கும். புதிய என்விஆரில் வேறு பாஸ்வேர்டு போட்டுக் கேமராவைச் செருகினால் 'பாஸ்வேர்டு தவறு' என்று வரும். அந்தச் சேனலின் அமைப்பில் போய்ப் பழைய என்விஆர் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அதுவும் மறந்துவிட்டதென்றால் ஒவ்வொரு கேமராவையும் இறக்கி ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இந்தக் கேமராக்களுக்கு என்விஆர் தன் உள் நெட்வொர்க்கில் தனி ஐபி கொடுத்திருக்கும் என்பதால், ரூட்டரில் தேடினால் கண்ணில் படாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

பிஓஇ வாட் கணக்கையும் பாருங்கள். சாதாரண பிஓஇ போர்ட் ஒன்று 15.4 வாட் வரை தரும், பிஓஇ ப்ளஸ் 30 வாட். ஆனால் எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து என்விஆர் தரக்கூடிய மொத்த வாட், இதைப் போர்ட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதைவிடப் பெரும்பாலும் குறைவு. பகலில் ஒழுங்காக ஓடி, இருட்டியதும் ஒன்றிரண்டு கேமரா மறைந்து மறைந்து வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்: இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் வாட் கூடிவிடும்.

8 சேனல் 4கே என்விஆர் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் எட்டு 4கே கேமராவும் போடலாம்தானே?

ஒரு சேனலில் 4கே ஏற்கும் என்பதற்கு மேல் அந்த வாசகத்துக்கு உத்தரவாதம் இல்லை. 'உள்வரும் பேண்ட்விட்த்' என்ற எண்ணைப் பாருங்கள். 80 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 80 மெகாபிட்) என்று வைத்துக்கொள்வோம். 4கே கேமரா ஹெச்.265-இல் 8 எம்பிபிஎஸ் எடுத்தால் எட்டுக்கு 64, பிழைத்தது. ஹெச்.264-இல் 16 என்றால் எட்டுக்கு 128, கடைசிக் கேமராக்கள் சேராது. அடுத்து 'டீகோடிங்' எண், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துத் திரையில் காட்டும் திறன்: இரண்டு 4கே அல்லது எட்டு 1080பி என்பது போல இருக்கும். பதிவு எட்டும் ஆகும், ஆனால் திரையில் நான்கைச் சேர்த்து 4கேயில் ஓட்டிப் பார்க்க முடியாது.

சேனல் எண்ணிக்கையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான்கு கேமரா இருந்தால் 8 சேனல் வாங்குங்கள். ஐந்தாவது கேமராவுக்கு ஆசை வராத வீடு குறைவு.

பழைய ஹார்டு டிஸ்கைப் புதிய டிவிஆரில் போடலாமா? எத்தனை டெராபைட் வேண்டும்?

போடலாம், ஆனால் புதிய டிவிஆர் அதை ஃபார்மட் செய்யச் சொல்லும், பழைய பதிவுகள் அழிந்துவிடும். அவற்றில் ஏதாவது தேவைப்படும் என்றால் தொடவே தொடாதீர்கள். கம்ப்யூட்டரில் இணைத்தாலும் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்கும், காரணம் அந்த டிஸ்கின் ஃபைல் அமைப்பு அதற்குப் புரியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே கம்பெனியின் அதே வரிசை டிவிஆர் சில சமயம் பழைய டிஸ்கை அப்படியே படிக்கும், ஆனால் அதை நம்பி ஆபத்தில் இறங்கக் கூடாது. பழைய டிவிஆருக்கு உயிர் இருக்கும்போதே யுஎஸ்பி பென்டிரைவில் எடுத்துக்கொள்வதே நிச்சயமான வழி. பென்டிரைவ் ஃபேட்32-ஆக இருக்கட்டும். ப்ளேயர் மென்பொருளையும் சேர்த்து நகலெடுக்கும் வசதி மெனுவில் இருந்தால் தேர்ந்தெடுங்கள், சில கம்பெனிப் பதிவுகள் வேறு எதிலும் ஓடாது.

அளவுக்குக் கணக்கு எளிது. 1 எம்பிபிஎஸ் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 10.8 ஜிபி. கேமராக்களின் எம்பிபிஎஸ்ஸைக் கூட்டி 10.8-ஆல் பெருக்குங்கள். 1080பி கேமரா நான்கு, ஒவ்வொன்றும் ஹெச்.264-இல் 4 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 16, நாளொன்றுக்கு 172.8 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் பதினொரு நாளைத் தாண்டி நிரம்பும். ஹெச்.265-இல் 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் அதே டிஸ்க் இருபத்து மூன்று நாள் வரும். பழைய டிவிஆர் ஹெச்.264 மட்டும் தெரிந்ததாக இருந்து புதியது ஹெச்.265 என்றால், அனலாக் கேமராவை மாற்றாமலேயே இந்த லாபம் கிடைக்கும், ஏனென்றால் அங்கே கம்ப்ரஷன் செய்வது டிவிஆர்தான். ஐபி கேமராவில் கம்ப்ரஷன் கேமராவுக்குள் நடக்கிறது. பழைய கேமரா ஹெச்.264 என்றால் என்விஆரை மாற்றி ஒரு ஜிபி கூட மிச்சமாகாது.

கம்ப்யூட்டர் டிஸ்கைப் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்கைக் காட்டலாம். நாளுக்கு 172.8 ஜிபி என்றால் ஆண்டுக்கு 63 டெராபைட் எழுத வேண்டும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்குகள் ஆண்டுக்கு 55 டெராபைட் அளவுக்கான வேலைக்கென்று மதிப்பிடப்படுகின்றன. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்குகளுக்கு அது 180. இவை நாள் முழுவதும் எழுதவே உருவானவை. அதோடு டிவிஆர் ஏற்கும் அதிகபட்ச அளவும் விவரத் தாளில் இருக்கும். 6 டெராபைட் வரை என்று போட்ட பெட்டியில் 10 டெராபைட் போட்டுவிட்டு, முழுதாகக் காட்டவில்லை என்று டிஸ்கைக் குறை சொல்லக் கூடாது.

பெட்டியோடு வந்த வைஃபை கேமரா செட். ரெக்கார்டரை மட்டும் மாற்ற முடியுமா?

அதே கம்பெனி, அதே செட்டுக்கான ரெக்கார்டர் என்றால் முடியும். ரெக்கார்டரே தனி வைஃபை பரப்பி, கேமராக்களைத் தன்னோடு ஜோடி சேர்த்திருக்கும். மற்ற பெட்டிகளோடு அவை சேராது. பேட்டரியில் ஓடும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓன்விஃபும் கிடையாது, தொடர்ந்து வீடியோ அனுப்பவும் முடியாது. அவற்றுக்கு என்விஆர் தேடுவது வீண்.

புதியதை மாட்டியதும் போனில் பார்க்க ரூட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். போர்ட் திறந்தால் இணையத்திலிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் பெட்டியைத் தட்டிப் பார்க்கலாம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி இப்போதைய பெட்டிகளில் இருக்கிறது, அது போதும். ரூட்டரில் யுபிஎன்பி ஆன் ஆகியிருந்தால் அதையும் அணையுங்கள், இல்லையென்றால் டிவிஆர் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் பெரும் எண்ணிக்கையில் பிடித்து, அவற்றை வைத்தே அந்த அக்டோபரில் டைன் (Dyn) என்ற இணையச் சேவையைத் தாக்கியது. பெரிய தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. வாங்கும் முன் அந்த மாடலுக்குக் கம்பெனித் தளத்தில் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் புதுப்பிப்பு) வந்திருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகளாக ஒன்றும் வரவில்லை என்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுக்குவதே மேல்.

ஒருவர் பயன்படுத்திய டிவிஆர் மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

அவர் முன்னிலையிலேயே மூன்று சோதனை. அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்து அவரே உள்ளே நுழைந்து காட்டட்டும். தன் போன் ஆப்பிலிருந்து அந்தப் பெட்டியை நீக்கட்டும். சீரியல் எண் அவர் கணக்கில் கட்டிக்கிடந்தால் உங்கள் போனில் சேராது, ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அந்தப் பிணைப்பு விலகாத பெட்டிகள் உண்டு. கடைசியாக, ஓடும் ஒரு கேமராவை எல்லா பிஎன்சி போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். ஒரு போர்ட் மட்டும் கறுப்பாக இருந்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பெட்டி ஒருமுறை மின்னலைப் பார்த்திருக்கலாம்.